புழு தின்ற இலை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்காதவர் யார்? பாவாடைத் துணியில் அதுதான். பள்ளிக்கூடச் சுவரிலும் அதுதான். கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடிக்கிறார்கள். ஆனால் புழுவை யாருக்கும் பிடிக்காது. கண்டதும் செருப்பைத் தேடுகிறார்கள். இரண்டும் ஒரே உயிர் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனாலும் வண்ணத்துப்பூச்சியைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும்போது புழுவை மறந்து விடுகிறார்கள். இன்றைய பேச்சு அந்தப் புழுவைப் பற்றியது. அது தின்னும் செடியைப் பற்றியது.

ஒரு வீடு. கொல்லையில் கறிவேப்பிலைச் செடி. தாளிக்க நாலு இணுக்கு பறிக்கப் போகிறாள் ஒரு சிறுமி. இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று இருக்கிறது. கையை இழுத்துக் கொள்கிறாள். பார்த்தால், எச்சம் நகர்கிறது!

“அம்மா, இங்க வாயேன். எச்சம் நடக்குது!”

“புழுவா இருக்கும்டி. தட்டி விட்டுட்டு இலையைக் கொண்டா. எண்ணெய் காயுது.”

இது எந்த வீட்டிலும் நடக்கும். எச்சம் போல் இருப்பது அந்தப் புழுவின் தந்திரம். குருவி கொத்த வந்தால் எச்சம் என்று நினைத்துப் போய்விடும். சில நாள் கழித்துத் தோல் உரிக்கும். இலை நிறத்துக்கு மாறிவிடும். அப்போது அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். விரலால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் இருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும். ஒரு வாடை வரும். அதுதான் அதன் ஆயுதம். கடிக்காது, கொட்டாது. அரிக்கும் மயிர் உள்ள கம்பளிப்பூச்சி வேறு, இது வேறு.

பிறகு கூட்டுப்புழு ஆகும். பிறகு கறுப்பு இறக்கையோடு வெளியே வரும். முட்டையிலிருந்து இறக்கை வரை சுமார் ஒரு மாதம். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா மரங்களிலும் இதன் உறவுக்காரப் பூச்சிகள் முட்டை இடும். இவை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். தாய்ப்பூச்சிக்கு அது எப்படித் தெரியும்? காலால் சுவை பார்க்கும். இலையில் உட்கார்ந்து முன்காலால் தட்டிப் பார்க்கும். சரியான செடி என்று தெரிந்தால்தான் முட்டை இடும். இல்லாவிட்டால் பறந்து போய்விடும்.

வளர்ந்த பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். புழு அப்படி இல்லை. வேறு இலையைக் கொடுத்தால் பட்டினி கிடந்து செத்துப் போகும். எருக்கஞ்செடியில் ஒரு புழு உண்டு. உடம்பெல்லாம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை. அதற்கு எருக்கும் அதன் உறவுச் செடிகளும்தான் வேண்டும். ஆவாரைக்கு ஒரு பூச்சி, சரக்கொன்றைக்கு ஒரு பூச்சி, ஆமணக்குக்கு ஒரு பூச்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சோற்றுச் செடி இருக்கிறது. நந்தியாவட்டையிலும் அரளியிலும் விரல் பருமனுக்கு ஒரு பச்சைப் புழு இருக்கும். முன்பக்கம் இரண்டு பெரிய கண் வரைந்தது போல் இருக்கும். அது வண்ணத்துப்பூச்சி ஆகாது. அந்துப்பூச்சி ஆகும். அதைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம்.

இந்தச் செடிகளில் பாதிக்கு ஊரில் என்ன பெயர்? களை. குப்பை. புதர்.

ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு செடி. பெயரிலேயே கதை இருக்கிறது. ஆடுகூடத் தொடாது. அவ்வளவு கசப்பு, அவ்வளவு நஞ்சு. வயல் வரப்பிலும் காலி மனையிலும் தரையோடு படர்ந்து கிடக்கும். ஆடு தொடாத அந்த இலையைத்தான் ஒரு புழு தின்கிறது. அந்த நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக் கொள்கிறது. பிறகு கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளியோடு பறக்கிறது. உடம்பும் சிவப்பு. பறவைகள் ஒருமுறை கொத்திப் பார்த்து, துப்பிவிட்டு, அடுத்த முறை தொடுவதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. கறிவேப்பிலையில் வளர்ந்த பூச்சி இருக்கிறதே, அதற்கு நஞ்சு கிடையாது. ஆனால் அந்த இனத்துப் பெண் பூச்சிகளில் பல, சிவப்புப் புள்ளிப் பூச்சியைப் போலவே சட்டை போட்டுக் கொண்டிருக்கும். பறவை ஏமாந்து விட்டுவிடும். ஆண்பூச்சிக்கு அந்தச் சட்டை கிடையாது. முட்டை இட வேண்டிய பெண்ணுக்குத்தான் அதிகப் பாதுகாப்பு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நஞ்சுள்ள பூச்சி ஊரில் இருந்தால்தான் பறவைக்கு அந்தச் சட்டையைக் கண்டு பயம் வரும். வரப்பில் ஆடுதீண்டாப்பாளை இல்லை என்றால் நஞ்சுள்ள பூச்சி இல்லை. அது இல்லை என்றால் கறிவேப்பிலைப் பூச்சியின் வேஷமும் பலிக்காது. கொல்லையில் இருக்கும் பூச்சிக்கு வரப்பில் இருக்கும் களை காவல்.

இப்போது பல ஊர்களில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சில பூங்காக்களில் பூச்செடி மட்டும் இருக்கிறது. சோற்றுச் செடி இல்லை. விருந்தாளிக்குப் பாயசம் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் பட்டினி போடுவது போன்ற காரியம் அது. அந்தப் பூங்காவில் இலை ஓட்டையாகிவிட்டது என்று மருந்தும் அடித்தால், அப்புறம் பூச்சி பெயர்ப்பலகையில்தான் இருக்கும். மாநிலங்களும் தங்களுக்கென்று வண்ணத்துப்பூச்சியை அறிவித்து வருகின்றன. முதலில் 2015இல் மகாராஷ்டிரம் அறிவித்தது. 2019இல் தமிழ்நாடு தமிழ் மறவன் என்ற பூச்சியை அறிவித்தது. பெருமைதான். ஆனால் அறிவிப்பு மட்டும் ஒரு செடியையும் முளைக்க வைக்காது.

சரி, செடி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. இதற்கு இங்கிலாந்து நாட்டில் நடந்த ஒரு கதை இருக்கிறது. ஆடு மாடு மேய்ப்பவர்கள் அவசியம் கேட்க வேண்டிய கதை.

அந்த நாட்டில் ‘பெரிய நீலம்’ என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. பெயர்தான் பெரியது, பூச்சி சின்னதுதான். அழகாக இருந்ததால் பணக்காரர்கள் பிடித்து, ஊசியில் குத்தி, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பிடிப்பவர்களால்தான் அழிகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். பூச்சி இருக்கும் இடத்தைக் காவல் காத்தார்கள். வேலியும் போட்டார்கள். வேலி போட்டால் ஆள் போக முடியாது. ஆடு மாடும் போக முடியாது. புல் நன்றாக வளர்ந்தது. பூச்சியோ இன்னும் வேகமாகக் குறைந்தது!

யாருக்கும் காரணம் புரியவில்லை. 1970களில் ஜெரமி தாமஸ் என்ற அறிஞர் அந்தப் பூச்சி மிஞ்சியிருந்த இடத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து கவனித்தார். முட்டை எங்கே, புழு எங்கே, எறும்பு எங்கே என்று ஒவ்வொன்றாக எழுதினார்.

ஆமாம், எறும்பு. இந்தப் பூச்சி துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த தைம் என்ற வாசனைச் செடியில் முட்டை இடும். புழு சில வாரம் அந்தப் பூவைத் தின்னும். பிறகு ஒரு மாலை நேரத்தில் பொத்தென்று தரையில் விழும். அங்கே ஒரு சிவப்பு எறும்பு வரும். புழு ஒரு துளி இனிப்பு நீரைக் கொடுக்கும். எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நம்பி, வாயில் கவ்வி, புற்றுக்குள் கொண்டுபோகும். கொண்டுபோன பிறகு நடப்பதுதான் கொடுமை. இந்தப் புழு அந்த எறும்பின் குஞ்சுகளைத் தின்றே வளரும். சுமார் பத்து மாதம் புற்றுக்குள்ளேயே இருக்கும். எறும்பும் அதைத் துரத்தாது. மறு ஆண்டு கோடையில் இறக்கையோடு மேலே வரும்.

சிவப்பு எறும்பில் பல வகை உண்டு. ஒரே ஒரு வகை எறும்பின் புற்றில்தான் இந்தப் புழு நன்றாகப் பிழைக்கும் என்று தாமஸ் கண்டுபிடித்தார். அந்த எறும்புக்குச் சூடான தரை வேண்டும். குளிர் நாட்டில் தரை எப்போது சூடாகும்? புல் குட்டையாக இருந்து வெயில் மண்ணில் பட்டால்தான். புல்லைக் குட்டையாக வைத்திருந்தது யார்? மேய்ந்த ஆடு, மாடு, முயல். விவசாயிகள் அந்தச் சரிவுகளில் மேய்ப்பதை நிறுத்தினார்கள். 1953இல் ஒரு நோய் வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில இடத்தில் வேலி வேறு. புல் உயர்ந்தது. தரை குளிர்ந்தது. அந்த எறும்பு போய் வேறு எறும்பு வந்தது. பூச்சி செத்தது. செடி அங்கேயேதான் இருந்தது.

உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979இல் அந்தப் பூச்சி இங்கிலாந்தில் முழுவதும் அழிந்தது. ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை. மேய்ச்சலைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். முள்புதரை வெட்டினார்கள். எறும்பு திரும்பி வந்ததா என்று பார்த்தார்கள். 1983 முதல் சுவீடன் நாட்டிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று இங்கிலாந்தின் தென்மேற்குப் பக்கத்தில் பல இடங்களில் அந்தப் பூச்சி மறுபடியும் பறக்கிறது. புதர் வெட்டுவதிலும் பூச்சி எண்ணுவதிலும் சம்பளம் வாங்காத தொண்டர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது.

மேய்ச்சல் என்றாலே காட்டுக்குக் கெடுதல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில இடத்தில் அது உண்மை. அளவு மீறி மேய்ந்தால் எதுவும் மிஞ்சாது. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே சட்டம் போட முடியாது என்பதற்கு இந்தப் பூச்சி சாட்சி. இடத்தைப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும்.

எழுதுவது என்றதும் படித்தவர் வேலை என்று நினைக்க வேண்டாம். அதே நாட்டில் 1976 முதல் ஒரு வழக்கம் நடக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை ஒருவர் ஒரே பாதையில் நடப்பார். இரண்டு பக்கமும் சில அடி தூரத்துக்குள் தெரியும் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணுவார். நோட்டில் குறிப்பார். அவ்வளவுதான். ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், கடைக்காரர்கள் என்று பலரும் செய்கிறார்கள். ஒரு நோட்டைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான நோட்டுகளை ஆண்டுக்கணக்காகச் சேர்த்தபோது எந்தப் பூச்சி குறைகிறது, எது வடக்கே நகர்கிறது என்பது தெரிந்தது.

இந்தியாவிலும் இப்படிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் ஆறளம் என்ற காடு. அங்கே 250க்கும் அதிகமான வகை வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெள்ளை நிறப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஆற்றை ஒட்டிப் பறந்து போகும். ஈர மணலில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும். 2000ஆம் ஆண்டு முதல் வனத்துறையும் மலபார் இயற்கை வரலாற்றுக் கழகமும் சேர்ந்து, தொண்டர்களைக் கூட்டி, அங்கே கணக்கு எடுத்து வருகிறார்கள். கால் நூற்றாண்டுக் கணக்கு அது. 2025இல் கேரள அரசு அந்தக் காட்டுக்கு வண்ணத்துப்பூச்சி சரணாலயம் என்றே பெயர் வைத்தது. யானைக்கும் புலிக்கும்தான் சரணாலயம் என்று இருந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

2020 முதல் ஒவ்வொரு செப்டம்பர் மாதமும் நாடு முழுவதும் வண்ணத்துப்பூச்சி மாதம் நடக்கிறது. அவரவர் ஊரில் பார்த்ததை அவரவர் பதிவு செய்யலாம்.

இனி அந்துப்பூச்சி. விளக்கில் வந்து விழும் விட்டில் என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி 1,300 வகைக்கு மேல். அந்துப்பூச்சி 10,000 வகைக்கு மேல்! பட்டுச் சேலை தருவது ஓர் அந்துப்பூச்சியின் கூடு. அசாமில் ஆமணக்கு இலை போட்டு வளர்க்கும் எரிப்பட்டுப் புழுவும், ஜார்க்கண்டில் மருத மரத்தில் வளரும் டசர் புழுவும் அந்துப்பூச்சிகளே. மாலை மங்கியதும் பப்பாளிப் பூவைத் தேடி வந்து மகரந்தம் சேர்ப்பதும் அந்துப்பூச்சி வகைதான். சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளைத்தான் ஊட்டும். குருவியைக் காணோமே என்று வருத்தப்படுபவர்கள் குருவிக்குச் சாப்பாடு எங்கே என்றும் கேட்க வேண்டும்.

அந்துப்பூச்சியைப் பார்க்கச் செலவே இல்லை. ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துக் கட்டுங்கள். முன்னால் ஒரு விளக்கு. நிலா இல்லாத இரவு நல்லது. மழை விட்ட மறுநாள் இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் பாருங்கள். பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்! பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட வேண்டும். விடிய விடிய எரிந்தால் பூச்சி களைத்துச் செத்துப் போகும், காலையில் காக்கைக்கும் தீனியாகும். 2012 முதல் ஒவ்வொரு ஜூலை மாதத்தின் பிற்பகுதியிலும் உலகம் முழுவதும் ஒரு வாரம் இப்படி அந்துப்பூச்சி பார்க்கிறார்கள். இந்தியாவிலும் நடக்கிறது.

இந்த இடத்தில் விவசாயிகள் சும்மா இருக்க மாட்டார்கள். “நெல்லில் தண்டைத் துளைப்பது அந்துப்பூச்சியின் புழு. 2018இல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தை நாசம் செய்த படைப்புழுவும் அதே. மூட்டையில் நெல்லைத் தின்பதும் அந்து. இவற்றையா காப்பாற்றச் சொல்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாப் புழுவையும் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பயிரைத் தின்பது சில வகைதான். மற்ற ஆயிரக்கணக்கான வகைகள் வேலியிலும் வரப்பிலும் மரத்திலும் தம் பாட்டுக்கு இருக்கின்றன. வயலுக்கு அடிக்கும் மருந்து வேலிக்கும் போகிறது. பயிரைத் தொடாத புழுவும் சாகிறது. பயிர்ப் புழுவைத் தின்ன வரும் குளவியும் சாகிறது. மருந்தை வயலோடு நிறுத்தினால், வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்காமல் அரிவாளால் அறுத்தால், பாதிப் பூச்சி பிழைக்கும்.

கொல்லைக் கறிவேப்பிலைக்கும் வழி உண்டு. சின்னக் கன்றில் ஐந்து புழு இருந்தால் கன்று மொட்டையாகிவிடும். அப்போது புழு இருக்கும் இலையைக் கிள்ளி, நன்றாக வளர்ந்த கறிவேப்பிலை மரத்தில் வைத்துவிடலாம். மரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஏரிக்கரை, சாலை ஓரம், பள்ளிக்கூட வேலி, கோயில் நந்தவனம், சுடுகாட்டுப் பக்கம். யாருக்கும் சொந்தமில்லாத இந்த இடங்களில்தான் எருக்கும் ஆவாரையும் ஆடுதீண்டாப்பாளையும் இருக்கின்றன. சுத்தம் என்ற பெயரில் ஒரே நாளில் இயந்திரம் வைத்து வழித்துவிடுகிறார்கள். அல்லது தீ வைக்கிறார்கள். தீ வைத்தால் இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் ஓட முடியாது. பாம்புக்குப் பயந்து புதரை வெட்டுவதைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் நடக்கும் பாதையை வெட்டத்தான் வேண்டும். ஆனால் மொத்தக் கரையையும் ஒரே நாளில் வழிக்க வேண்டுமா? இந்த மாதம் இந்தப் பக்கம், இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் என்று வெட்டினால் பூச்சி தப்பித்துக் கொள்ளும். கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். கேட்பதற்கு ஒரு கணக்கு கையில் இருந்தால் பேச்சுக்குக் கனம் வரும். “ஏரிக்கரையில் நிறையப் பூச்சி இருந்தது” என்றால் சிரிப்பார்கள். “மழைக்காலத்தில் பதினாறு வாரம் எண்ணினோம், இதோ நோட்டு” என்றால் தலைவர் நோட்டை வாங்கிப் பார்ப்பார்.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி. நேரம். இடம். வெயிலா, மேகமா. எந்தப் பூச்சி, எத்தனை. எந்தச் செடியில் உட்கார்ந்தது. பூவில் தேன் குடித்ததா, இலையில் முட்டை இட்டதா. பூச்சியைப் பிடிக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் சில வண்ணத்துப்பூச்சிகளுக்கும் பாதுகாப்பு தருகிறது. கண்ணால் பார்த்தாலே போதும். காலை 9 மணிக்கு மேல், வெயில் ஏறியதும் போவது நல்லது. இறக்கை சூடாகாமல் அவை பறக்காது. ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். ஒரு வாரம் மெதுவாக, ஒரு வாரம் ஓட்டமாகப் போனால் கணக்கு சரிவராது.

பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள். “கறுப்பு, சிவப்புப் புள்ளி, உடம்பு சிவப்பு” என்று எழுதினால் தெரிந்தவர் பெயரைச் சொல்லிவிடுவார். செடியின் பெயரை ஊரில் வழங்குகிறபடியே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. எண்ணிக்கையில் பிழை கூடாது. ஏழு பார்த்தால் ஏழு, பத்து என்று எழுதக் கூடாது. நடந்து போய் ஒரு பூச்சியும் பார்க்கவில்லை என்றாலும் நோட்டைத் திறக்க வேண்டும். தேதி போட்டு, ‘இல்லை’ என்று எழுத வேண்டும். போகாத வாரத்துக்கும் போய்ப் பார்த்து இல்லாத வாரத்துக்கும் வித்தியாசம் அந்த ஒரு வார்த்தையில்தான் தெரியும்.